ஆயில் குறைகிறதா? இன்ஜினை இறக்கும் முன் அளந்து பாருங்கள்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். வண்டி இல்லாதவர்கள் உங்கள் மச்சானுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பி வையுங்கள்.

போன ஆறு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே புலம்பலைச் சொல்லிவிட்டார்கள். "டீச்சர், வண்டில ஆயில் குறையுது. எங்க போகுதுன்னே தெரியல. கீழ ஒரு சொட்டு இல்ல. புகையும் இல்ல. பட்டறையில இன்ஜின் இறக்கணும்னு சொல்றாங்க." மூன்று பேருக்கும் கேட்ட தொகை முப்பதாயிரத்துக்கு மேல். அதில் ஒருவர் மகள் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு குறைகிறது, எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் பழைய காரின் இன்ஜினைப் பிரிப்பது தவறு. "ஆயில்தானே, ஊத்திக்கிட்டே ஓட்டு" என்று சும்மா விடுவதும் அதே அளவு தவறு. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஒரு நோட்டும், ஒரு அளவு ஜாடியும், ஒரு மாதப் பொறுமையும் போதும்.

"அறிவியலும் கணக்கும் எடுத்த டீச்சருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் 2007-ல் வாங்கிய மாருதி 800 இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் போன பிறகு அதை ஓட்டுவதும் பார்ப்பதும் நான்தான். சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சுகர் டெஸ்ட், கண் ஆஸ்பத்திரி, பென்ஷன் வேலை என்று எல்லாவற்றுக்கும் அதில்தான் போகிறேன். 2022-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தபோது, அதற்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டிருந்தது. கட்டினேன். அவ்வளவு கட்டி வைத்திருக்கிற வண்டியைத் தெரியாமல் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம்.

ஆயில் ஆவியாகி வானத்துக்குப் போய்விடாது. ஒரு இன்ஜினிலிருந்து அது போக மூன்று வழிதான் உண்டு. ஒன்று, வெளியே கசிவது. இரண்டு, உள்ளே பெட்ரோலோடு சேர்ந்து எரிவது. மூன்று, ரேடியேட்டர் தண்ணீரோடு கலப்பது. "எங்க போகுதுன்னே தெரியல" என்றால் இந்த மூன்றில் ஒன்றை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த மூன்றையும் பார்க்கும் முன், உண்மையிலேயே குறைகிறதா என்று தெரிய வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு நாள் வண்டி சரிவில் நிற்கும்போது டிப் ஸ்டிக் எடுக்கிறார்கள். இன்னொரு நாள் சமதளத்தில். ஒரு நாள் இன்ஜினை நிறுத்தியவுடன், இன்னொரு நாள் காலையில். நிறுத்தியவுடன் எடுத்தால் மேலே இருக்கிற ஆயில் இன்னும் கீழே இறங்கியிருக்காது, அளவு குறைவாகக் காட்டும். சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, குச்சியை ஒரு தடவை துடைத்துவிட்டு, மறுபடி முழுதாக உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே இடம், ஒரே முறை. ஆய்வகத்தில் சூழ்நிலையை மாற்றாமல் அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேனே, அதே விதிதான்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. தினமும் ரெண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். எரியாத பெட்ரோல் கொஞ்சம் ரிங் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் குறைந்துகொண்டே இருந்தாலும் குச்சியில் அளவு அப்படியே இருப்பது போலத் தெரியும். அப்புறம் ஒரு நாள் சென்னைக்குப் போய் வருகிறோம். நீண்ட ஓட்டத்தில் ஆயில் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. ஊருக்கு வந்து பார்த்தால் திடீரென்று அரை லிட்டர் காணோம்! ஒரே நாளில் ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படுகிறோம். உடையவில்லை, பல மாதமாகக் குறைந்தது அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதனால் அளக்கும் முறை இப்படி இருக்கட்டும். ஆயிலை மாற்றி, மேல் கோடு வரை சரியாக ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகம் ஊற்றினால் கிராங்க் அதில் அடித்து நுரைக்க வைக்கும், நுரை பிரீதர் குழாய் வழியாக மேலே போய் எரியும். "நிறைய ஊத்தினா நிறைய நாள் வரும்" என்பது இங்கே செல்லாது. கிலோமீட்டரை நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை குச்சி பாருங்கள், கீழ்க் கோட்டை நெருங்கினால் அளவு ஜாடியால் ஊற்றி, எத்தனை மில்லி என்று குறியுங்கள். 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் மேல் கோடு வரை கொண்டுவர ஊற்றியதையும் சேர்த்து மொத்தம் கூட்டுங்கள். அந்த எண்தான் உங்கள் வண்டியின் ஆயில் செலவு. நம் ஆட்களில் இந்த எண்ணைக் கேட்டால் சொல்லத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தாலே அதிசயம்.

எவ்வளவு வரை பரவாயில்லை? உலகப் பெரிய கம்பெனிகளே இதற்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன. அமெரிக்காவில் டொயோட்டாவின் 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்த சில வண்டிகளில், 2006-லிருந்து 2011 வரையான மாடல்களில், ஆயில் குறைகிறது என்ற புகார் நிறைய வந்தது. கம்பெனி எடுத்தவுடன் இன்ஜினைப் பிரிக்கவில்லை. முதலில் ஆயிலைச் சரியான அளவுக்கு ஊற்றி, 1,200 மைல் ஓட்டி வரச் சொன்னது. அதற்குள் ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்தால்தான் பிஸ்டனும் ரிங்கும் மாற்றும் வேலை. நம் கணக்கில் சொன்னால், 1,930 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 950 மில்லி. அதாவது 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் அரை லிட்டர். அத்தனை கருவி வைத்திருக்கிற கம்பெனியே அளந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டது. நாம் மட்டும் பட்டறை வாசலில் நின்றுகொண்டே முடிவு எடுக்கிறோம்!

அந்த டொயோட்டா கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பிஸ்டனில் மூன்று ரிங் இருக்கும். மேலே இருக்கிற இரண்டும் முக்கியமாக அழுத்தத்தைப் பிடிப்பவை. கீழே இருப்பது ஆயிலை வழித்து இறக்குவது. கரி படிந்து அந்தக் கீழ் ரிங்கும் அதன் பின்னால் ஆயில் திரும்பிப் போகிற துளைகளும் அடைத்துக்கொண்டால், ஆயில் மேலே ஏறி எரியும். மேல் ரிங்குகள் நன்றாக இருப்பதால் கம்ப்ரெஷன் டெஸ்டில் எல்லாம் சரியாகக் காட்டும். இழுவை குறையாது. சைலன்சரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிற வண்டியில், கொஞ்சமாக எரிந்தால் புகையும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே "கம்ப்ரெஷன் நல்லா இருக்கு, புகையும் இல்ல, அப்ப எரியல" என்பது சரியான முடிவு அல்ல.

இப்போது மூன்று வழிகளையும் செலவு குறைந்ததிலிருந்து பார்ப்போம்.

முதலில் வெளிக் கசிவு. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால், எந்த இடத்துக்கு நேராக என்று பாருங்கள். அந்தக் காலத்து அம்பாசடர் நின்ற இடத்தில் கறை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு காலத்து அந்த 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ள மரை போன்ற ஒரு வரிப் பள்ளம் மட்டும்தான். தேய்மானம் வந்தால் சொட்டத்தான் செய்யும். அம்பாசடர் ஓட்டிய பெரியவர்கள் டிக்கியில் ஆயில் டின் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அட்டையில் சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. இது மிக முக்கியம். இன்ஜின் ஓடும்போது மட்டும் ஆயிலுக்கு அழுத்தம் இருக்கிற இடங்கள் உண்டு. ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் போன்றவை. அங்கே விரிசல் இருந்தால், ஓடும்போது கசிந்து, காற்றில் சிதறி, அடிப்பாகம் முழுக்கப் பூசிக்கொள்ளும். நிறுத்தினால் கசிவும் நின்றுவிடும். வீட்டு வாசல் சுத்தமாக இருக்கும், நத்தம் ரோடு முழுக்க நம் ஆயில் கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. இன்ஜின் ஆறியதும் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவித் துடைத்து உலர விடுங்கள். மின் இணைப்புகளில் தண்ணீர் அடிக்காதீர்கள். அப்புறம் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடுகிற பவுடரை லேசாகத் தூவுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே கசிகிறதோ அங்கிருந்து ஈரக் கோடு போட்டுக் காட்டிக் கொடுக்கும். ஆயில் மேலிருந்து கீழே வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கிற இடங்களில் எது மிக மேலே, மிக முன்னால் இருக்கிறதோ அதுதான் ஊற்று. கீழே நனைந்திருக்கிற பாகத்தைப் பார்த்து "கிராங்க் சீல் போச்சு" என்று முடிவு கட்டக் கூடாது. மேலே டேப்பட் கவர் பேக்கிங்கிலிருந்து வழிந்து வந்ததாக இருக்கலாம்.

சர்வீஸ் விட்டு வந்தவுடன் திடீரென்று நிறைய குறைந்தால் ஆயில் ஃபில்டரையும் அடியில் இருக்கிற டிரெயின் போல்ட்டையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிடுவது உண்டு. இரண்டு வளையம் சேர்ந்தால் நிற்காது, பிய்த்துக்கொண்டு கொட்டும்.

பிரீதர் குழாயையும் மறக்காதீர்கள். இன்ஜினுக்குள் சேருகிற காற்று வெளியேற வழி அது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்களையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அதுவும் ஒரு அறிகுறி. குழாயைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. இதைப் பார்க்காமல் சீல் மாற்றினால், புது சீலும் கசியும்.

இரண்டாவது வழி, எரிவது. நீலப் புகை ஆயில், கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம், விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் என்பது பொது விதி. மார்கழி காலையில் கொஞ்ச நேரம் வருகிற வெண்ணிற ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீலப் புகை வந்தால், அது எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி.

காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு நீலக் குபுக், பிறகு ஒன்றுமில்லை என்றால், பெரும்பாலும் வால்வு சீல். ராத்திரி முழுக்க மேலேயிருந்து ஒன்றிரண்டு சொட்டு இறங்கி நின்றது எரிகிறது. இன்னும் உறுதி செய்ய நம் சிறுமலை இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வருவோம் அல்லவா? அப்போது இன்ஜின் காற்றுக்கு ஏங்கி உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் தேய்ந்த வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கும். கீழே வந்து மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் நீலப் புகை ஒரு குபுக்கென்று வந்தால், சந்தேகம் வால்வு சீல் மேல்தான். பின்னால் வேறு வண்டியில் வருகிற ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வளைவில் இறங்கக் கூடாது. மாறாக, மலை ஏறும்போது பாரத்தில் விடாமல் நீலப் புகை வந்தால் சந்தேகம் ரிங், போர் மேல்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது அடுத்தது. மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர், மூன்று பிளக். மூன்றும் ஒரே நிறமா, ஒன்று மட்டும் ஆயில் நனைந்து கறுப்பாக இருக்கிறதா? ஒன்று மட்டும் என்றால் கோளாறு அந்தச் சிலிண்டரில். அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட். முதலில் அப்படியே எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். குறைவாக இருந்த அளவு இப்போது ஏறினால் ரிங் தேய்மானம், ஏனென்றால் அந்த ஆயில் ரிங் இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. பத்து, இருபது நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் "ரிங் போச்சு" என்று ஒருவர் சொன்னால், எப்படித் தெரியும் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

டீசல் வண்டி வைத்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. டர்போ இருக்கிற வண்டியில் டர்போ சீல் வழியாகவும் ஆயில் போகும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றி, உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா பாருங்கள். அதைத் தள்ளிப் போடாதீர்கள். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடிக்க ஆரம்பித்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடி நாசமாகும்.

மூன்றாவது வழி, தண்ணீரோடு கலப்பது. இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம், குச்சியில், பால் காபி நிறத்தில் குழம்பு போல இருக்கிறதா பாருங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணிறம் வரும், அது வெறும் ஈரப்பதமாக இருக்கலாம். ஆனால் குச்சியிலும் பால் நிறம், ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைகிறது என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். அங்கே தாமதம் கூடாது.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் 42,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள், அளவு கேட்கவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நோட்டுப் போட்டு அளந்தேன். 1,000 கிலோமீட்டருக்கு 620 மில்லி. அட்டையில் ஒரு சொட்டு இல்லை. கழுவி, பவுடர் தூவி, திண்டுக்கல் போய் வந்து பார்த்தால் ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து ஈரக் கோடு. டேப்பட் கவர் பேக்கிங்கும் ஒரு மூலையில் இறுகிப்போய் வியர்த்திருந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து இப்போது மெக்கானிக்காக இருக்கிற ஒரு தம்பி இரண்டையும் மாற்றிக் கொடுத்தான். கூலியோடு 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. அடுத்த 1,000 கிலோமீட்டருக்கு 210 மில்லி.

அந்த 210 எங்கே போகிறது? காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு சின்ன நீலக் குபுக் வருகிறது, ஆக வால்வு சீல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றவில்லை. மாற்றவும் போவதில்லை, இந்த எண் ஏறாத வரை. பதினைந்து வருடம் தாண்டிய இன்ஜின் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர் ஆயில் குடித்தால் அது வயசுக்கு ஏற்ற பசி. எனக்கும் முட்டி வலிக்கிறது, அதற்காக உடனே ஆபரேஷன் செய்துகொண்டேனா?

"அப்ப ஆயில் ஊத்திக்கிட்டே ஓட்டலாம்னு சொல்றீங்களா டீச்சர்?" இல்லை. அளந்து ஊற்றுங்கள் என்கிறேன். வித்தியாசம் பெரியது. டேஷ்போர்டில் இருக்கிற சிவப்பு ஆயில் லைட்டை நிறையப் பேர் அளவு காட்டும் விளக்கு என்று நினைக்கிறார்கள். நம் பழைய வண்டிகளில் அது அழுத்தம் விழுந்தால் எரிகிற விளக்கு. ஓடும்போது அது எரிகிறதென்றால் பேரிங்குக்கு ஆயில் போகவில்லை என்று பொருள். அப்புறம் ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் இன்ஜினைத் தின்னும். என் சொந்தத்தில் ஒரு பையன் "லைட் எரியலையே" என்று குச்சியே பார்க்காமல் பழனி போய், திரும்பும் வழியில் இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றது. குழந்தைகளோடு நடுராத்திரி ரோட்டோரம். விளக்கை நம்பாதீர்கள், குச்சியை நம்புங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் குறைவது நிற்கும் என்பார்கள். கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் சீல் சரியாகிவிடாது, காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு வெப்பமானியை மறைத்த மாதிரிதான். வண்டியின் கையேட்டில் எந்த ஆயில் என்று போட்டிருக்கிறதோ அதற்குள் நில்லுங்கள். கெட்டி ஆயிலை ஊற்றி, புகையை மறைத்து, விவரம் தெரியாத ஒருவர் தலையில் வண்டியைக் கட்டுவது திருட்டு. விற்பதென்றால் எண்ணைச் சொல்லி விற்போம். வாங்குகிறவர்களே, முதல் நாள் ராத்திரியிலிருந்து ஸ்டார்ட் செய்யாத வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள்.

எப்போதுதான் இன்ஜினை இறக்கலாம்? கசிவெல்லாம் அடைத்த பிறகும் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கிறது, பிளக் அடிக்கடி நனைகிறது, கம்ப்ரெஷன் குறைவு, ஸ்பூன் ஆயில் விட்டால் ஏறுகிறது என்று சாட்சிகள் ஒன்றாகப் பேசினால் இறக்குங்கள். அப்போது செலவு நியாயம். அப்போதும் போர் தேய்மானத்தை அளக்காமல் ரிங் மட்டும் மாற்ற விடாதீர்கள், தேய்ந்த போரில் புது ரிங் நிற்காது.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே உறுத்துகிற விஷயம். இதற்கெல்லாம் மெக்கானிக் மீது மட்டும் பழி போட நான் தயாராக இல்லை. டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். லேப்பில் ரத்தம் எடுத்தால் பணம் கொடுக்கிறோம். மெக்கானிக் ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்து, பிளக் கழற்றி, கம்ப்ரெஷன் பார்த்து, "பெருசா ஒண்ணும் இல்ல டீச்சர், ஒரு சுவிட்ச் மாத்துனா போதும்" என்று சொன்னால், "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்கிறோம். பார்த்ததற்குக் கூலி இல்லை, கழற்றி மாட்டியதற்கு மட்டும் கூலி என்றால், அவன் வீட்டில் உலை கொதிக்க ஒரே வழி கழற்றுவதுதான். நேர்மையாக ஆராய்கிறவனுக்கு நாமே தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு பக்கத்துக்கும். வண்டி வைத்திருப்பவர்களே, "தம்பி, முதல்ல பாரு. பார்த்ததுக்கு ஐநூறு தர்றேன். என்னன்னு எழுதிக் குடு" என்று சொல்லிப் பழகுங்கள். நாற்பதாயிரத்தைக் காப்பாற்றுகிற ஐநூறு அது. மெக்கானிக் ஆகியிருக்கிற என் பிள்ளைகளே, பில்லில் பாகம், கூலி மட்டும் எழுதாமல் எவ்வளவு குறைந்தது, எங்கே கசிந்தது, கம்ப்ரெஷன் எவ்வளவு என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். பரிசோதனைக்குத் தனியாகக் கூலி கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அது உங்கள் படிப்புக்கான மரியாதை.

மாருதி 800-ம் அம்பாசடரும் 2014-லேயே தயாரிப்பு நின்றுபோனவை. நம் கையில் இருப்பவை எல்லாம் வயதானவை. தேவையில்லை என்று கொடுக்க முடிவு செய்தால் கொடுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் "எங்க போகுதுன்னே தெரியல" என்ற காரணத்துக்காகக் கொடுக்காதீர்கள், கடன் வாங்கிப் பிரிக்காதீர்கள்.

இந்த வாரமே அளக்க ஆரம்பியுங்கள். 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் உங்கள் எண்ணைக் கீழே எழுதுங்கள். என்ன வண்டி, எந்த வருடம் என்றும் போடுங்கள். வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிறவர்களுக்குப் பழைய தண்டனைதான், ஞாபகம் இருக்கும்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சாணார்பட்டி.